மை போட்ட பதினொரு சீட்டுகள்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. நானும் என் தோழியும் கல்லூரியில் ரசாயனம் படித்த காலத்தில், படித்த கட்டுரைகளின் விவரங்களைச் சிறு சீட்டுகளில் எழுதி ஒரு தகரப் பெட்டியில் சேர்த்துவந்தோம். கண்ணால் பார்த்துப் படித்ததை மையில் எழுதுவோம். மூலத்தைப் பார்க்காமல், வேறொருவர் சொன்னதை வைத்து எழுதினால் பென்சிலில் எழுதுவோம்.

2. நாற்பத்திரண்டில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் சென்னை காலியானது. பெட்டி என்னோடு கும்பகோணம் வந்தது.

3. அங்கே நான் பென்சில் சீட்டுகளின் மேல் மை போட்டேன்.

4. அதை அவளிடம் சொல்ல மறந்தேன்.

5. அந்தச் சீட்டுகளில் ஒன்றை நம்பி அவள் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாள். அவளை நம்பி நான் ஒரு மாதப் பத்திரிகையில் எழுதினேன். எங்களை நம்பி வேறு சிலர் எழுதினார்கள்.

6. சீட்டில் இருந்தது தவறு.

7. இப்போது அவள் சென்னையில் இல்லை.

பட்டியல் போடுவது என் பழக்கம். சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள் பலருக்கும் இது இருக்கும். ஆனால் பட்டியலில் எல்லாமே ஒரே கனமாகத் தெரிகிறது. நான்காவதும் ஏழாவதும் ஒவ்வொரு வரிதான். நான்காவது நடந்தது ஒரு மாலை வேளையில், சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது. ஏழாவது இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது.

அவள் வீடு சாந்தோமில். அப்பா பள்ளி ஆசிரியர், அத்தைகள் இருவரும் ஆசிரியைகள். அந்த வீட்டில் யாராவது ஒன்று சொன்னால், மற்றவர் “யார் சொன்னா?” என்று கேட்காமல் விடமாட்டார்கள். மழை வரும் என்று சொன்னால்கூட. எங்கள் வீடு மயிலாப்பூரில், குளத்துக்கு மேற்கே. சனிக்கிழமைகளில் இருவரும் கடற்கரைச் சாலையில் இருந்த நூல்நிலையத்துக்குப் போவோம். உயரமான ஜன்னல்கள். அவற்றில் ஒன்றின் கீழே ஒரு மேசை எங்களுடையது. எங்களுடையது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. வேறு யாரும் அங்கே உட்காரவில்லை, அவ்வளவுதான். அவள் பத்திரிகைத் தொகுதியைத் திறந்து, ஆசிரியர் பெயர், தொகுதி எண், பக்கம், முடிவு என்று ஒவ்வொன்றாக மெல்லிய குரலில் படிப்பாள். நான் எழுதுவேன். கை வலித்தால் பேனாவை அவளிடம் கொடுத்துவிட்டு நான் படிப்பேன். இருவருக்கும் சேர்த்து ஒரே பேனா. அவளுடைய இடது கட்டைவிரலில் வெள்ளி நைட்ரேட்டின் கருப்புக் கறை எப்போதும் இருக்கும். பக்கத்தின் மேல் அந்த விரலை வைத்துக்கொண்டுதான் படிப்பாள்.

மை, பென்சில் என்ற விதி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டாம் வருஷச் சோதனை வகுப்பில் ஒரு பொருளின் உருகுநிலையைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். எங்கள் வகுப்பில் பத்துப் பெண்கள். பத்துப் பேர் நோட்டிலும் ஒரே எண் இருந்தது. அது தவறான எண். மேல் வகுப்புப் பெண் ஒருத்தியின் நோட்டு ஒவ்வொரு வருஷமும் கைமாறி வந்துகொண்டிருந்தது. அதில் இருந்த தவறு அது. ஆசிரியை எல்லோரையும் நிற்க வைத்தார். என் தோழி தலையைக் குனிந்துகொண்டு என் காதருகே, “பத்துப் பேரும் தனித்தனியா ஒரே தப்பைக் கண்டுபிடிச்சிருக்கோம். இது பெரிய கண்டுபிடிப்புடி” என்றாள். நான் சிரித்துவிட்டேன். அதற்காக இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.

அன்றைக்குத் திரும்பி நடந்து வரும்போதுதான் அவள் அந்த விதியைப் போட்டாள்.

“பார்த்ததுக்கு மை. கேட்டதுக்குப் பென்சில். பார்த்தப்புறம் பென்சிலை அழிச்சிட்டு மையில எழுதலாம்.”

“எல்லாத்துக்குமா?”

“எல்லாத்துக்கும். உங்க வீட்டுல மாப்பிள்ளை பார்த்திருக்கோம்னு சொல்லுவாங்க பாரு, அதையும் பென்சில்லயே எழுதிக்க.”

“நேரில் வந்து பஜ்ஜி சாப்பிட்டுட்டுப் போனா?”

“அப்பவும் பென்சில்தான். பஜ்ஜி சாப்பிட்டதை மட்டும் மையில எழுது.”

பெட்டியில் நானூறுக்கும் மேல் சீட்டுகள் சேர்ந்தபோதும் பென்சில் சீட்டுகள் மிகக் குறைவு. அது எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை அவள் கையெழுத்தில் இருந்தன. அழுத்தாமல் எழுதுவாள், எழுத்துகள் வலப்பக்கம் சாய்ந்து, காற்றில் நடப்பவை போல இருக்கும்.

பென்சிலில் இருந்த சீட்டு ஒன்று முருங்கைக்கீரை பற்றியது. நிழலில் உலர்த்திப் பொடி செய்த பிறகும் கீரையில் வைட்டமின் சி அப்படியே இருக்கிறது என்று ஓர் அறிக்கையில் ஒரு வரி இருந்தது. அடிக்குறிப்பில் மூலக் கட்டுரையின் தொகுதியும் பக்கமும் கொடுத்திருந்தார்கள். அந்தத் தொகுதி அப்போது நூல்நிலையத்தில் இல்லை; கட்டுப் போடுவதற்காக ராயப்பேட்டைக்குப் போயிருந்தது. நாங்கள் விடவில்லை. டிராமில் ஏறி அந்தக் கடைக்கே போனோம். புத்தகம் கட்டும் பெரியவர் உருது கலந்த தமிழில் பேசுவார். நாங்கள் தேடி வந்த தொகுதி அவருக்குப் பின்னால், மரப்பலகைகளுக்கு நடுவே அழுத்தத்தில் இருந்தது.

“அம்மா, கோந்து காயலே. இப்போ தொறந்தா பக்கம் பக்கமா பிச்சிக்கும். அப்புறம் லைப்ரரிக்கார் என் தாடியைப் பிச்சிடுவார்” என்றார்.

“எப்ப வரட்டும், பாய்?”

“நாளைக்கு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை வாங்க. உங்களுக்குன்னே முதல்ல எடுத்துத் தரேன்.”

கை நீட்டினால் தொட்டுவிடலாம். அவள் தொட்டும் பார்த்தாள், முதுகுப் பக்கத்தை மட்டும். பிறகு சீட்டைப் பென்சிலில் எழுதிப் பெட்டியில் போட்டோம். அந்தச் சனிக்கிழமை வருவதற்குள் ஊர் கலைய ஆரம்பித்துவிட்டது. ரயில் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. நூல்நிலையத்தின் தொகுதிகளைப் பெட்டிகளில் அடைத்து உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். கடையில் இருந்தவை கடையிலிருந்தே போய்விட்டன என்று பின்னால் தெரிந்தது.

அவள் வீட்டார் சாந்தோமை விட்டு நகரவில்லை. மாதா கோயில் மணி அடிக்க ஆள் வேண்டாமா என்று அவள் அப்பா கேட்டாராம். நாங்கள் கும்பகோணம் போனோம், சித்தப்பா வீட்டுக்கு. புறப்படும் முன் அவள் பெட்டியை என் கையில் கொடுத்து, “குண்டு விழுந்தா நான் போனாலும் இது தப்பிக்கட்டும்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கும்பகோணத்தில் எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பகலில் எல்லோரும் படுத்த பிறகு பெட்டியைத் திறந்து சீட்டுகளை எடுத்துப் பார்ப்பேன். முதலில் எழுத்து வரிசையில் அடுக்கினேன். பிறகு பொருள் வரிசையில். ஒரு நோட்டில் எல்லாவற்றுக்கும் அட்டவணை எழுதினேன். ஆற்றங்கரை ஈரத்தில் சீட்டுகள் நமுத்திருந்தன. பென்சில் எழுத்துகள் ஒன்றோடொன்று உரசி மங்கத் தொடங்கியிருந்தன. ஒரு சீட்டில் பக்க எண்ணே போய்விட்டது போலிருந்தது. அன்றைக்குப் பேனாவை எடுத்து அவளுடைய எழுத்தின் மேலேயே, அதே சாய்வில், கோடு பிசகாமல் மை போட்டேன். பிறகு இன்னொன்று. அப்படிப் பதினொன்று.

விதி எனக்கு நினைவில் இல்லாமல் இல்லை. எது எது பென்சில் என்பது எனக்குத் தெரியும், ஊருக்குப் போனதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். எழுத்து அழியக்கூடாது என்பதற்காகத்தான் செய்தேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. அவள் எழுத்தின் மேல் என் பேனா போகும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. ஐந்தாறு சீட்டுகளோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு நிறுத்த மனம் வரவில்லை.

அந்த வருஷக் கடைசியில் திரும்பி வந்தோம். லஸ் மூலையில் டிராம் நிற்கும் இடத்தில் அவள் எனக்காகக் காத்திருந்தாள். என்னைப் பார்த்ததும், “அய்யோ, கும்பகோணம் வெற்றிலை முழுக்க நீதான் தின்னியா? வாயெல்லாம் சிவப்பு” என்றாள். பெட்டியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். மூன்று டிராம்கள் வந்து போயின. ஒன்றிலும் நாங்கள் ஏறவில்லை. இருட்டடிப்பு இரவுகளைப் பற்றி, எங்கள் கல்லூரி இடம் மாறியதைப் பற்றி, ஆசிரியை ஒருவர் தீயணைக்க வைத்த மணல் வாளியோடு மாடிப்படியில் உருண்டதைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். மை போட்டதைச் சொல்ல மறந்தேன். மறுநாளும் நினைவு வரவில்லை. பிறகு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றாமல் போயிற்று.

படிப்பு முடிந்ததும் எனக்குத் தேனாம்பேட்டையில், மருந்து தயாரிக்கும் ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. அவளுக்கு ஆராய்ச்சி எம்.எஸ்ஸி. பட்டத்துக்கு இடமும் உதவித்தொகையும் கிடைத்தன. எங்கள் இருவரில் விஞ்ஞானி அவள்தான். எனக்கு அதில் பொறாமை இருந்ததாக நினைவில்லை. அவள் பட்டம் வாங்கும் நாளில் என்ன புடவை உடுத்துவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

அவள் எடுத்துக்கொண்டது நம் ஊர்க் கீரைகள். தேனாம்பேட்டைத் தோட்டங்களில் காலையில் பறித்ததை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு சோதனைக்கூடத்துக்கு ஓடுவாள். பச்சைக் கீரையைச் சோதித்து முடிக்கும் அளவுக்குத்தான் அவளிடம் சாயம் இருந்தது. அது வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய நீலச் சாயம்; போர்க் காலத்தில் கப்பல் வரவில்லை. உலர்த்திய கீரையைச் சோதிக்க ஒரு சிட்டிகைகூட மீதி இல்லை. அதனால் அதற்கு மட்டும் பெட்டியைத் திறந்து பார்த்தாள். சீட்டு இருந்தது. மையில் இருந்தது. அவள் கையெழுத்திலேயே இருந்தது. உலர்த்தினாலும் சத்து குறையாது என்று, மூலக் கட்டுரையின் தொகுதியையும் பக்கத்தையும் குறிப்பிட்டுத் தன் கட்டுரையில் எழுதினாள். அந்தச் சீட்டை எழுதிய நாள் அவளுக்கு நினைவில்லையா என்று பிறகு நான் கேட்டதுண்டு. “நானூறு சீட்டுல எது எந்த நாள்னு யாருக்கு நினைவிருக்கும்? அதுக்குத்தானேடி மையும் பென்சிலும்?” என்றாள்.

அரிசிக்கே ரேஷன் வந்துவிட்ட காலம் அது. தியாகராய நகரிலிருந்து வந்த ஒரு மாதப் பத்திரிகை பெண்களுக்கான விஞ்ஞானக் கட்டுரை கேட்டது. நான் எழுதிக் கொடுத்தேன். காய்ந்த கீரைப் பொடியைக் குழந்தைகளுக்குப் பருப்புச் சாதத்தில் கலந்து கொடுக்கலாம் என்றும், இது ஆராய்ச்சியில் நிரூபணமானது என்றும் எழுதினேன். நிரூபணம் என்ற சொல்லுக்குக் கீழே அவள் கட்டுரையைச் சுட்டினேன். எனக்கு அதில் ஒரு சந்தோஷம், அவள் பெயரை அச்சில் நானே எழுதியது. அடையாற்றில் ஒரு மாதர் சங்கம் கீரைப் பொடியைப் பொட்டலம் போட்டு, குடிசைப் பகுதிகளில் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது. பொட்டலத்தின் மேல் என் கட்டுரையின் வரி அச்சாகியிருந்தது. இதற்கிடையில் வேறு மாகாணத்தில் ஒருவர், இந்திய உணவுகளைப் பற்றிப் பல கட்டுரைகளைத் தொகுத்து ஒரு பெரிய நூல் எழுதினார். அதிலும் உலர்ந்த கீரைக்குச் சத்து உண்டு என்று இருந்தது. அவள் தன் ஆய்வேட்டில் அதை இரண்டாவது ஆதாரமாகச் சேர்த்தாள். அவர் யாரை ஆதாரமாகக் காட்டியிருந்தார் என்று பார்த்தபோதுதான், ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு மாதங்கள் இருக்கையில், முதன்முதலாக அவளுக்குச் சந்தேகம் வந்ததாம். அவர் காட்டியிருந்தது அவளையேதான்.

போர் முடிந்து நூல்நிலையத்தின் பெட்டிகள் திரும்பி வந்திருந்தன. சாயமும் வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தன் சோதனைக்கூடத்துக்கு என்னை வரச் சொன்னாள். மேசையில் பியூரெட் என்னும் அளவுக் கண்ணாடிக்குழாய், அதில் நீலச் சாயம், கீழே குடுவையில் பழுப்பு நிறக் கரைசல்.

“இது என்ன?” என்றேன்.

“உன் கட்டுரையில எழுதினபடியே செஞ்சது. நிழல்ல உலர்த்தி, பொடி பண்ணி, ஒரு மாசம் டப்பாவுல வச்சது.”

இந்தச் சோதனை எளிமையானது. வைட்டமின் சி இருக்கும் வரை, விழுகிற சாயத்தின் நிறம் போய்க்கொண்டே இருக்கும். அது தீர்ந்த பிறகு விழும் சொட்டு, கரைசலில் உள்ள அமிலத்தால் நீலம் மாறி இளஞ்சிவப்பாக நிற்கும். பச்சை முருங்கைக்கீரைக்குச் சொட்டு எண்ணி எண்ணி எங்களுக்கு அலுத்துப்போகும். அவள் குழாயின் திருகை மெல்லத் திருப்பினாள். ஒரு சொட்டு விழுந்தது. குடுவையைச் சுழற்றினாள். இளஞ்சிவப்பு போகவில்லை. இன்னும் சுழற்றினாள்.

“எத்தனை?” என்றாள்.

“ஒண்ணு.”

“எழுதிக்க.”

பழக்கத்தில் நான் எழுதவும் செய்தேன். பிறகு அவள் ராயப்பேட்டையில் கட்டிய அந்தத் தொகுதியைத் திறந்து என் முன் வைத்தாள். மூலக் கட்டுரைக்காரர்கள் சோதித்தது பச்சை இலையை. இலையில் இருந்த தண்ணீரின் எடையைக் காகிதத்தில் கழித்து, தண்ணீர் இல்லாவிட்டால் எவ்வளவு என்று இரண்டாவது பத்தியில் கணக்குக் காட்டியிருந்தார்கள். ரசாயனத்தில் அது வழக்கம். அறிக்கை எழுதியவர் இரண்டாவது பத்தியை மட்டும் பார்த்து, இலையையே உலர்த்திச் சோதித்ததாக எடுத்துக்கொண்டார். மூலத்தில் காய்ந்த இலை ஒன்றுகூட இல்லை.

அவள் சீட்டை எடுத்து அந்தப் பக்கத்தின் மேல் வைத்தாள்.

“நான் இந்தப் பக்கத்தை இன்னைக்கு வரைக்கும் பார்த்ததே இல்ல. ஆனா இது மையில இருக்கு.”

நான் சொன்னேன். கும்பகோணம், ஈரம், மங்கிய எழுத்து, எல்லாம். அவள் எழுத்தின் மேல் பேனா போனது எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

“எத்தனை சீட்டு?”

“பதினொண்ணு.”

“எதெது?”

விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். ஒன்பது சொன்னேன். மீதி இரண்டு எவை என்று எனக்கு நினைவுக்கு வரவில்லை. அட்டவணை நோட்டில் மையா பென்சிலா என்று நான் குறித்திருக்கவில்லை. சீட்டுகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மைக்குக் கீழே பென்சில் தெரிகிறதா என்று பார்த்தோம். கோடு பிசகாமல் போட்டிருந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

“இரண்டுதானே” என்றேன்.

“எந்த ரெண்டுன்னு தெரியலையே. அப்போ நானூறும்தான்.”

அவளுடைய ஆராய்ச்சிப் பேராசிரியருக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன் என்றேன். மறுத்துவிட்டாள். “பேர் என்னுது. நீ மை போட்டே. நான் புத்தகத்தைத் தொறந்து பார்க்காம அச்சுக்குக் கொடுத்தேன். ரெண்டும் வேற வேற தப்பு. உன்னுது உன்கிட்ட இருக்கட்டும்.” குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பேச ஏதாவது இருந்திருக்கும்.

ஆய்வேட்டை அவள் கொடுக்கவில்லை. கட்டுரை வந்த பத்திரிகைக்குத் தன் முடிவைத் திரும்பப் பெறுவதாக எழுதினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நூல்நிலையத்தில் உட்கார்ந்து, முதல் சீட்டிலிருந்து ஒவ்வொரு மூலமாகத் திறந்து பார்க்கத் தொடங்கினாள். அடுத்த சனிக்கிழமை நானும் போனேன். அதே ஜன்னல், அதே மேசை. எதிரில் உட்கார்ந்து, “பாதியை என்கிட்ட கொடு, நான் பார்க்கறேன்” என்றேன்.

“வேண்டாம்.”

“சீக்கிரம் முடியுமேடி.”

“நீ பார்த்தேன்னு சொன்னா, நான் அதை மறுபடியும் ஒரு தடவை பார்ப்பேன். ரெட்டை வேலை.”

அதற்குமேல் அவள் தலை நிமிரவில்லை. கறை படிந்த அந்தக் கட்டைவிரல் பக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. உதடுகள் அசைந்தன, தனக்குத்தானே படித்துக்கொண்டு தானே எழுதிக்கொண்டிருந்தாள். நான் சற்று நேரம் இருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

என் பங்குக்கு நான் செய்யக்கூடியவற்றைப் பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்பினேன். முதலில் தியாகராய நகர். பத்திரிகை ஆசிரியர் காபி வரவழைத்தார். திருத்தம் என்றதும் அவர் முகம் சுருங்கியது.

“நம்ம பத்திரிகையில திருத்தம் போடற வழக்கமே இல்லையேம்மா. ஒரே ஒரு தடவை போட்டோம். முறுக்குக்கு உப்பு அளவு தப்பாப் போயிடுத்து.”

“அதுக்கு மட்டும் ஏன் போட்டீங்க?”

“ஐயோ, அதைத் தின்னவாள்ளாம் கடிதாசு போட்டாளே! உங்க கட்டுரைக்கு ஒருத்தர்கூட தப்புன்னு எழுதலை. நன்னா இருந்ததுன்னுதான் எழுதியிருக்கா. கீரை நல்லதுதானே? விடுங்கோ. வேணும்னா வேற கட்டுரை எழுதுங்கோ, தக்காளி பத்தி.”

மாதர் சங்கத்தின் தலைவி அடையாற்றுப் பாலத்துக்கு அப்பால், தோட்டத்துக்கு நடுவே ஒரு பெரிய வீட்டில் இருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்போ இந்தப் பொடி விஷமா?”

“இல்லைங்க. அதுல இருக்குன்னு நாங்க சொன்ன சத்து மட்டும் இல்லை.”

“வேற எதுல இருக்கு?”

“பச்சையாப் பறிச்ச கீரையில. நெல்லிக்காயில. எலுமிச்சம்பழத்துல.”

“அதெல்லாம் பொட்டலத்துல அடங்காதேம்மா.” பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போய்க் கூடை நிறையப் பொட்டலங்களைக் கொண்டுவந்து வைத்தார். “புதுசா அச்சடிக்கலை. இருக்கிறதுல அந்த வரியை நீயே அடிச்சிடு. ரெண்டு நாள் ஆனாலும் சரி.” அவரும் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எழுதிய ஒரே வரியைச் சாயங்காலம் வரை திரும்பத் திரும்ப அடித்தேன். பல வீடுகளுக்குப் பொட்டலங்கள் ஏற்கெனவே போயிருந்தன. அந்த வீடுகளின் பட்டியல் யாரிடமும் இல்லை.

இதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று மறுநாள் வேலை முடிந்ததும் அவளுடைய சோதனைக்கூடத்துக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. அங்கே வேலை பார்க்கும் அட்டெண்டர் கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, நீ மட்டும் வந்துக்கினு கீற? அந்தம்மா நேத்தே சாமான் எல்லாம் எடுத்துக்கினு பூட்டாங்களே. உனக்குச் சொல்லல?”

“எங்கே போனாங்க?”

“திருநெல்வேலிப் பக்கம் ஏதோ பள்ளிக்கூடமாம். டீச்சர் வேலை. ஸ்காலர்ஷிப் முடிஞ்சுபூட்ச்சு இல்ல? அந்தத் தகரப் பொட்டியை மட்டும் யார் கையிலயும் குடுக்கல. தானே தூக்கிக்கினு போனாங்க.”

சாந்தோம் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா என்னை உட்காரச் சொல்லி, முகவரியை எழுதிக் கொடுத்தார். ஏன் சொல்லாமல் போனாள் என்று நான் கேட்கவில்லை. யார் சொன்னாலும் ஆதாரம் கேட்கிற வீட்டில் அன்றைக்கு ஒரு கேள்விகூட இல்லாமல் தேநீர் குடித்தோம்.

எங்கள் வீட்டில் அம்மா மட்டும் அவ்வப்போது கேட்கிறாள். “ஏன்டி, சாந்தோம்லேர்ந்து அந்தப் பொண்ணு சனிக்கிழமை சனிக்கிழமை நம்மாத்துக்கு வந்துண்டிருந்தாளே, இப்போ வரதே இல்லையே? சண்டையா?” இல்லை என்கிறேன். அது சரியான பதில்தான்.

சனிக்கிழமைகளில் இப்போது நான் தனியாக நூல்நிலையத்துக்குப் போகிறேன். கும்பகோணத்தில் எழுதிய அட்டவணை நோட்டு என்னிடம் இருக்கிறது. அதை வைத்து ஒவ்வொரு மூலமாக எடுத்துப் பார்க்கிறேன். நான் பார்த்தால் அவள் மறுபடியும் பார்ப்பாள் என்று தெரியும். இருந்தாலும் பார்க்கிறேன். ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து தொகுதியைத் திறந்தால், பக்க எண்ணைப் படிக்கும் மெல்லிய குரல் வந்துவிடும் போல இருக்கிறது. சில சமயம் நானே மெல்ல வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவளுக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். கடிதம் என்று சொன்னாலும் பட்டியல்தான்: எந்தச் சீட்டு, எந்தத் தொகுதி, எந்தப் பக்கம், பார்த்தேன், சரியாக இருக்கிறது. மூன்றாவதின் கடைசியில், அழிக்க முடியாதபடி மையில், ஊருக்கு வரும்போது சொல், ரயிலடிக்கு வருகிறேன் என்று ஒரு வரி சேர்த்தேன்.

இன்றைய நிலை இது. அவள் கட்டுரையைத் திரும்பப் பெற்ற குறிப்பு, ஆராய்ச்சிப் பத்திரிகையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் வந்துவிட்டது. மாதர் சங்கம் கீரைப் பொடியை நிறுத்திவிட்டது. வேறு மாகாணத்துக்காரர் அடுத்த பதிப்பில் திருத்துவதாக எழுதியிருக்கிறார். அடுத்த பதிப்பு இன்னும் வரவில்லை. தியாகராய நகர்ப் பத்திரிகை திருத்தம் போடவில்லை. என் கட்டுரையைச் சென்ற மாதம் யாரோ தம் புத்தகத்தில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், நிரூபணம் என்ற சொல்லோடு. நோட்டில் உள்ள நானூற்றுச் சொச்சத்தில் இருநூறுக்குக் கொஞ்சம் மேல் பார்த்திருக்கிறேன். தெரியாமல் போன இரண்டு எவை என்று இன்னும் தெரியவில்லை. அவளுக்குப் பட்டம் இல்லை. பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கிறாள் என்று அவள் அப்பா சொன்னார். என் கடிதங்கள் திரும்பி வரவில்லை. பதிலும் வரவில்லை.